உள்பாவாடையில் கறுப்பு நாடா

ஹாலிஃபாக்ஸ் கடைத்தெருவில் ஈனாக் கார்சைடின் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. இழவு வீட்டுக்காரர்களுக்குக் கறுப்புத் துணி விற்கும் கடை அது. புருஷன் செத்தால் எத்தனை வருஷம் கறுப்பு, சித்தப்பா செத்தால் எத்தனை மாதம் என்பதெல்லாம் அவனுக்குப் பாதிரியாரைவிட நன்றாகத் தெரியும். வசதியான பெண்களிடம் உள்பாவாடை விளிம்பில் கோக்கும் கறுப்பு நாடாவையும் சேர்த்து விற்றுவிடுவான். அது வெளியே தெரியாதே என்று யாராவது தயங்கினால், “உங்களுக்குத் தெரியுமே, மேடம்” என்பான். அதற்கப்புறம் அவர்களால் மறுக்க முடியாது.

அவன் மனைவி செலினா. அப்பா கைகாட்டிய மாப்பிள்ளையை மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டவள். வீட்டில் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. தனியாக இருக்கும்போதுகூட அவனை ‘மிஸ்டர் கார்சைடு’ என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஊர்ச் சீமாட்டிகளுக்கு அது வழக்கம்தான். ஆனால் அவள் வாயில் அது வாசற்கதவைச் சாத்துவதுபோல் இருக்கும்.

அவள் எப்போதாவது தொடும் பியானோ மட்டும் அடிக்கடி சுருதி கெட்டது. அதைச் சரிசெய்ய லூசியன் ஃபெர்த் வந்துகொண்டே இருந்தான். அவன் வந்துபோகும் நாளில் செலினா ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவதாக ஈனாக்குக்குத் தோன்றியது. சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் கேட்கவேண்டுமா? அவள் ஜன்னல் பக்கம் போனால் ஏன் போனாள், போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று குடைந்தது. நேராகக் கேட்கவும் பயம். விஷயம் வெளியே கசிந்தால் தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரன்கூட எழுந்துபோய்விடுவான்.

ஃபெர்த் வேலையாக ஹல் ஊருக்குப் போயிருந்த சமயம், காலைச் சாப்பாட்டில் ஈனாக் ஒரு பொய்யை வீசினான்.

“அந்தப் பியானோக்காரன் ஹல்லுல காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டானாம்.”

“ஐயோ பாவம்,” என்றாள் செலினா. “ஜாம் வேணுமா, மிஸ்டர் கார்சைடு?”

அவள் முகம் மாறவில்லை. அவன் வெட்கங்கெட்ட நிம்மதியோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான்.

அடுத்த திங்கட்கிழமை, துணி துவைக்கும் நாள். மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க மதியம் வீட்டுக்கு வந்தவன் கொல்லைப்பக்கம் எட்டிப்பார்த்தான். இரண்டு படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல், அவளுடைய உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. எப்போதும் வெள்ளை நாடா ஓடும் விளிம்பில் இப்போது கறுப்பு நாடா. அவன் கடைச் சரக்குதான்.

உங்களுக்குத் தெரியுமே, மேடம்.

நாளைக்கு அவன் செத்தால் அவள் குறைவைக்காமல் இரண்டு வருஷம் கறுப்பு உடுத்துவாள், ஊரும் மெச்சும். உள்ளே வெள்ளை நாடாதான் இருக்கும். அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் இத்தனை நாளும் அவள் அழக்கூட இடமில்லாமல் அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாளே என்பதுதான் அதைவிட உறுத்தியது. ஃபெர்த் திரும்பிவந்தால் பொய் தானாகவே வெளுத்துவிடும். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தான். அவனால் முடியவில்லை.

சாயங்காலம் தேநீர் மேசையில் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“ஃபெர்த் சாகல. நான்தான் பொய் சொன்னேன். உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு சொன்னேன்.”

செலினா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“உயிரோட இருக்காரா?”

“இருக்கான். நல்லாத்தான் இருக்கான்.”

என்ன வசவு வந்தாலும் வாங்கிக்கொள்ள அவன் தயாராக இருந்தான். அவளோ வாய்விட்டு அழுதாள், அழுகையோடு சிரித்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை. மேசைக்கு மேலே கை நீட்டி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி, ஈனாக்,” என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.