திரும்பி வந்த மூன்று கார்டுகள்

ஆஸ்பத்திரியில் ஒரு மேசையருகே நானும் அப்பாவும் பதிவேட்டுக் குமாஸ்தாவும் இருந்தோம். அம்மா இல்லை, அவளிடம் சொல்லவேயில்லை. அப்பாவின் மார்பிலிருந்து புற்றுநோய்க் கட்டியை அறுத்தெடுத்திருந்தார்கள்.

குமாஸ்தா ஒல்லி. கட்டைவிரலில் மசிக்கறை. எழுதிய ஒவ்வொரு வரியையும் ஊதிக் காயவைப்பார்.

"விலாசம்? சோதனைக்குக் கூப்புட கார்டு போடணும்."

அப்பா என் காதைக் கடித்தார். "தபால்காரன் கார்டைப் படிச்சுட்டுத்தான் குடுப்பான். ஆம்பளைக்கு மாருல நோவுன்னா குப்பமே சிரிக்கும். கோபாலபுரம்னு சொல்லுடா."

வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான். சொன்னேன்.

குமாஸ்தா அப்பாவின் காலைப் பார்த்தார். "கோபாலபுரத்துல ஏது நைனா இவ்ளோ கடல்மணல்? உன்னோட சேத்து ஏழு ஆம்பளைங்க இந்த நோட்டுல கீறாங்க. ஒருத்தருக்கு ஆனதை வெச்சுத்தான் இன்னொருத்தரைக் காப்பாத்தணும்."

அப்பாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது. "கோபாலபுரம்தான்," என்றேன். குமாஸ்தா அதையே எழுதி, ஊதினார்.

அறுவை முடிந்த பதினோராம் மாதம், அக்குளில் கட்டியோடு மறுபடி போனோம். நோட்டில் அப்பாவின் பெயர் இருந்த தாளில், ஆள் இல்லையென்று திரும்பி வந்த கார்டுகள் மூன்று இருந்தன. அந்த ஏழு பேரில் வேறு இருவருக்கும் அக்குளில் வந்ததைக் கண்டு, குமாஸ்தா மூன்றாம் மாதமே எல்லோரையும் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"இப்பவாவது சொல்லு தம்பி."

சொன்னேன். எழுதி, ஊதினார்.

பொய்யென்று தெரிந்தும் ஏன் மூன்று முறை எழுதினார் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. அந்த விலாசம் அப்பாவுக்கு வைத்த செலவு, முழுசாக எட்டு மாதம்.