எண் இல்லாத தாய்

சனிக்கிழமைகளில் ஆங்கிலத்தில் ஆய்வு எழுதக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தேன். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனை வழியாகக் கண்டிக்கு இன்னொரு பஸ். நாற்பதைக் கடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. பட்டம் வரை தமிழில் படித்துவிட்டு, கலாநிதிப் பட்ட ஆய்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில் வந்து நின்றேன். தோட்டப் பிள்ளைகள் ஏன் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விடுகிறார்கள், அதைப் பற்றி அவர்களின் தாய்மார் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு.

வகுப்பில் மண்ணை ஆராய்கிறவர் ஒருவர், மாடுகளின் நோயை ஆராய்கிறவர் ஒருவர், இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். விரிவுரையாளரும் இளையவர்தான், சிங்களப் பெண். நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் பச்சைப் பேனாவால் திருத்துவார். சிவப்பைப் பார்த்தால் பெரியவர்களும் பயந்துவிடுகிறார்கள் என்பார். முதல் முறை என் தாள்கள் திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது. பிழைகளைத்தான் திருத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே பார்த்தால், ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். யார் சொன்னது?

மூத்த பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க விடுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது? பத்தாம் வகுப்பில் கணக்குக்கு ஆசிரியர் வராததால் பையன்கள் சலித்துப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேன். யார் சொன்னது? இடைவேளையில் அவரிடம் போய், இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அந்த எல்லோரில் ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள் என்றார்.

அதுதான் எனக்கு வராத காரியம். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கூரை ஒழுகினாலும், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பால் குறைந்தாலும், ஆபீசுக்குப் போய்த் தோட்ட நிர்வாகியான தொரையிடம் சொல்ல வேண்டியது அவர் வேலை. தொரை எப்போதும் முதலில் கேட்பது யார் சொன்னது என்பதைத்தான். அப்பாவின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "லயத்துல பேசிக்கிறாங்க சார்." ஒரு பெயர் வெளியே வந்தால், அந்தப் பெயருக்குரிய பெண்ணை மறுநாள் கொழுந்தெடுக்க எந்த மலைக்கு அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். செங்குத்தாக, அட்டை நிறைந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் மலை அது. அதனால் எங்களிடம் உண்மையான செய்தி என்றால் அதற்குச் சொந்தக்காரர் இருக்க மாட்டார். ஒருவர் பெயரோடு வருகிற செய்தியைத்தான் நாங்கள் சந்தேகப்படுவோம்.

அடுத்த வாரம் இதை விரிவுரையாளரிடம் சொன்னேன். அப்படியானால் பெயர் வேண்டாம், ஓர் எண் போதும் என்றார். தாய் ஒன்று, தாய் இரண்டு. யார் எந்த எண் என்பது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்க வேண்டும், அவர் குரல் என்னிடம் பதிவாகி இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, போனில் பதிந்து வைத்திருந்த தாய்மாரின் பேச்சை மறுபடி கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதைச் சொன்ன தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்தப் பதிவுகளில் ஒன்றில் மட்டும் ஓரிடத்தை ஒவ்வொரு தடவையும் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் மீதியைக் கேட்பேன். பூண்டுலோயாப் பக்கம் ஒரு லயத்தில் பேசிய தாய் அவர். நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவர் என்னைக் கேட்டார்.

"அது சரிங்க டீச்சர். ஒங்க மகன் எங்க படிக்கிறாரு?"

"கொழும்புல இருக்காருங்க."

"ஆமாங்க, எங்க வீட்டுக்காரரு கடைக்குப் போனப்ப பாத்தேன்னாரு. நல்லாத் துணி மடிக்கிறாராம்."

பதிவில் அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் இருக்கிறது. என் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருக்கும்.

என் மகன் சாதாரண தரத்தில் கணக்கில் தவறினான். மறுபடி எழுதலாம் என்று நானும் அவன் அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தபோதே, பக்கத்து லயத்து நண்பனோடு கொழும்புக்குப் போய்த் துணிக்கடையில் சேர்ந்துவிட்டான். திருட்டுத்தனமாகப் போகவில்லை. சொல்லிவிட்டு, ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நான் தடுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுவான். சாப்பாடு, மழை, அப்பாவின் முழங்கால் வலி. அந்தக் கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். மற்ற நாட்களில் நான் லயம் லயமாகப் போய், பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள் என்று மற்றவர்களின் வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அத்தியாயத்தில் ஒரு பந்திக்கு மட்டும் எண் போடவில்லை. பிள்ளை போன பிறகும் ஒரு தாய் சில நாட்கள் பழைய கணக்கிலேயே மாவு பிசைகிறாள், பிறகு மிஞ்சும் ரொட்டியை யாரும் பார்க்காமல் தானே தின்கிறாள் என்று அது தொடங்கியது. அவள் தன் பிள்ளையிடம் ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்பதில்லை, பதில் அவளாகவே இருந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று முடிந்தது. ஆங்கிலத்தில் நான் எழுதியவற்றில் அகராதியைத் திறக்காமல் எழுதிய ஒரே பந்தி. தாய்மார் இப்படி உணர்கிறார்கள் என்று பொதுவாகப் போட்டு, பதினைந்து பக்கங்களுக்கு நடுவில் அதை மறைத்து வைத்தேன். நான் வாசித்த ஆங்கில ஆய்வேடுகளில் எழுதியவர் எங்கேயும் தென்படவில்லை. நானும் தென்படக் கூடாது என்றுதான் நினைத்தேன். லயத்துல பேசிக்கிறாங்க.

வருட நடுவில் என் ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் கொண்ட குழு கூடியது. தலைவராக இருந்த பேராசிரியர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். என் தாள்களை மெதுவாகப் புரட்டி, அந்தப் பந்தியில் விரலை வைத்தார். இந்த அத்தியாயத்தில் உயிருள்ள இடம் இதுதான் என்றார். பிறகு, இந்தத் தாய்க்கு மட்டும் ஏன் எண் இல்லை என்று கேட்டார்.

நான் என் பேனா மூடியைத் திறந்து மூடினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அதே மென்மையோடு, இப்படி ஒரு தாய் இருக்கிறாரா, அல்லது நீங்கள் உண்டாக்கினீர்களா என்று கேட்டார்.

இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த மொழியிலும் வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். முடிவை அப்போதே சொன்னார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தாயின் குரல் பதிவைக் கொண்டுவர வேண்டும். இல்லாததை இருப்பதாக எழுதியிருந்தால் என் மாணவர் பதிவைத் தொடர்வதா என்றே யோசிக்க வேண்டிவரும்.

படிப்பு போய்விடும் என்பது மட்டுமல்ல என்னை உறுத்தியது. பொய் எழுதியவள் என்று ஒருவர் என்னைப் பார்த்த பார்வை. அன்று கினிகத்தேனை ஏற்றத்தில் பனி மூடி, பஸ் ஊர்ந்துகொண்டு போனது. அந்தப் பந்தியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எடுத்தால், அப்படி ஒரு தாய் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டது ஆகிவிடும்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு விரிவுரையாளரிடம் அந்தத் தாய் நான்தான் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அலுமாரியிலிருந்து ஓர் ஆய்வேட்டை எடுத்து முதல் அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். அதை எழுதியவர் தன்னைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருந்தார், எந்த ஊர், யாருடைய மகள், இந்த ஆய்வில் தனக்கு என்ன சம்பந்தம் என்று. இதற்கும் வழக்கம் இருக்கிறது, நான் என்று எழுதலாம், எழுதத்தான் வேண்டும் என்றார். ஆனால் அவர் முடிக்கவில்லை. உங்கள் மகனும் அந்தப் பந்தியில் இருக்கிறார், அவருக்கு வாசித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றார்.

மற்றத் தாய்மாரிடம் அனுமதி வாங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, பேசட்டுமா அக்கா என்றால் முடிந்தது. என் மகனிடம் கேட்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின. மூன்றாவது ஞாயிறு மத்தியானம், அவன் அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நானே அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பந்தியைத் தமிழில் வாசித்தேன். ரொட்டி வரும் இடத்தில் அவன் ஏதோ முனகினான். கடைசி வாக்கியத்தை வாசித்து முடித்ததும் அவன் பக்கத்தில் பஸ் ஹார்ன் மட்டும் கேட்டது. கடைக்கு வெளியே நின்றிருந்தான்.

"தம்பி?"

"இருக்கேம்மா." ஹார்ன் ஓய்ந்ததும் சொன்னான். "ஒங்களாலயுந்தான்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"முழுசா இல்லம்மா. கணக்கு எனக்கு வரவே இல்ல, அது ஒங்க தப்பு இல்ல. ஆனா எந்த வகுப்புக்குப் போனாலும் டீச்சர் மகனா இப்படின்னுதான் கேப்பாங்க. பெயிலானதும் பியூன் கூடக் கேட்டாரு. இங்க கடையில வேல செய்றவங்க ஒருத்தருக்கும் நா யாரு மகன்னு தெரியாது. துணிய ஒழுங்கா மடிச்சா நல்லா மடிக்கிறான்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

அழக் கூடாது என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவது போலக் கேட்டான்: "அந்த ரொட்டி எல்லாம் நீங்களா தின்னீங்க? அப்பாவுக்குக் குடுக்கலாம்ல?"

"அப்பா பாத்தா கேப்பாரு."

"நல்ல வீடும்மா நம்ம வீடு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

பிறகு, எழுதுங்கள் என்றான். ஒரே ஒரு நிபந்தனை. அவன் சொன்னதையும் போட வேண்டும், அம்மா பக்கம் மட்டும் எழுதினால் எப்படி என்றான். பதிவு செய்ய வேண்டும், மறுபடி முதலிலிருந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். சொன்னான். இரண்டாவது முறை சொல்லும்போது அவன் குரல் இன்னும் நிதானமாக, கடையில் வாடிக்கையாளருக்கு விலை சொல்கிறவன் குரல் போல இருந்தது. பியூனை மட்டும் விட்டுவிட்டான். பாவம், அவர் வேலை போய்விடும் என்றான். என் அப்பாவின் பேரன்தான்.

அந்த இரண்டு பக்கங்களை எழுத ஒரு வாரம் ஆகியது. நான் ஓர் ஆசிரியை. என் மகன் படிப்பை விட்டவன். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, இடையில் என்ன சொல் போட்டு இணைப்பது என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என்றா, ஆகையால் என்றா. விரிவுரையாளரிடம் கேட்டபோது, எது உண்மை என்று தெரிந்த பிறகு போடுங்கள், அதுவரை முற்றுப்புள்ளி போதும் என்றார். முற்றுப்புள்ளியோடு விட்டேன்.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் புதிய பக்கங்களை என் கண்முன்னாலேயே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இந்தப் பையன் இப்போது எங்கே என்று கேட்டார். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான் என்றேன். அதை ஆங்கிலத்தில், தடுமாறாமல், மூன்று பேர் முன்னால் சொன்னேன். அவர் தலையசைத்தார். சென்ற முறை கேட்ட விதத்துக்காக வருந்துவதாகச் சொன்னார். என் மாணவர் பதிவு தொடரும் என்று குழு எழுதியது.

கூடவே இன்னொன்றும் எழுதியது. தாய்மாரிடம் கேட்டது போதாது, படிப்பை விட்ட பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்தது இன்னும் ஒரு வருடம் வேண்டும், எழுதிய அத்தியாயங்களில் பாதியைத் திரும்ப எழுத வேண்டும். என் வயதில் இதைக் கேட்டு மலைத்திருக்க வேண்டும். நானோ, யார் யாருடைய பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

அவன் திரும்பிப் படிக்க வரப்போவதில்லை. இது இப்போது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அழைக்கும்போது நான் கேள்வி கேட்கிறேன். கடையில் இன்று யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறேன். சொல்கிறான்.