பெயர் வைக்காத எட்டு நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதத்தில், புனேயில் நாங்கள் குடியிருக்கும் பிம்ப்ரியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். குழந்தைக்குப் பெயர்தான் இல்லை.

என் மகள் இங்கே இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனவள். அங்கேயே வேலை கிடைத்து, கூட வேலை பார்த்த ஜெர்மன்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பேரையும் அவர்கள் கம்பெனி மூன்று வருடத்துக்கு இந்தப் பக்கம் அனுப்பியிருந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். என்னை "அத்தே" என்றுதான் கூப்பிடுவார். சப்பாத்தியை விட்டுவிட்டு எங்கள் திருநெல்வேலிப் புளிக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

பெயர் விஷயத்தில் சம்பந்தி ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு ஆசைதான் சொன்னார். குடும்பப் பெயரோடு சேர்ந்து வருவதால் ஜெர்மன் பெயராக இருக்கட்டும் என்றார். என் மகளுக்கு அது இங்கிலீஷிலும் ஒத்து வர வேண்டும். நாளைக்கு எந்த நாட்டுக்குப் போவோமோ, போகிற இடத்திலெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது என்றாள். அவள் பெயரை அங்கே ஆபீஸில் வருடக்கணக்காகக் கடித்துத் துப்பியிருக்கிறார்கள், அந்தக் கோபம். எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் நுழைய வேண்டும் என்பது நாங்கள் போட்ட மூன்றாவது நிபந்தனை.

பிறகென்ன, வீட்டில் தினம் திருவிழாதான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவைத்தேன். யாருக்குத் தோன்றும் பெயரையும் எழுதலாம், பிடிக்காதவர் அடிக்கலாம். மாப்பிள்ளை முதலில் 'ஓட்டோ' என்று எழுதினார். தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் நாலு ஆட்டோ வந்து நிற்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் அடித்துவிட்டார். 'ஆக்ஸல்' என்றார். சுற்றிலும் லாரி உதிரிபாகம் செய்கிற ஊரில் அது எடுபடுமா? 'எமில்' என் மகளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் இங்கிலீஷில் பார்க்கிறவர்கள் ஈமெயில் என்று படிப்பார்கள் என்று அவளே அடித்தாள். 'யான்' என்று ஒன்று. ஜெர்மனில் அதை 'ஜே' போட்டு எழுதுவதால் இங்கிலீஷ்காரர்கள் ஜேன் என்று படித்து, பெண் குழந்தையா என்று கேட்பார்களாம். 'கை' என்றுகூட ஒரு பெயர் இருக்கிறது. ஜெர்மனிலும் சரி, இங்கிலீஷிலும் சரி, ஒரு குறையும் கிடையாது. "கையைக் குளிப்பாட்டியாச்சா, கைக்குப் பால் குடுத்தாச்சான்னு கேக்கவா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்கு மகள் விளக்கிச் சொல்ல, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 'ஃபெலிக்ஸ்'. மாப்பிள்ளை ஆரம்பத்திலிருந்தே ஆசைப்பட்டது அதைத்தான். அதிர்ஷ்டசாலி என்று அர்த்தமாம். எனக்கு அது கேப்ஸ்யூல் பெயர் மாதிரி இருந்தது. முப்பது வருடம் நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவள், அதனால் அப்படித் தோன்றியிருக்கும். இன்னொன்று 'மார்ட்டின்'. எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது, ஆனால் எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. ஊரில் எங்கள் தெருவிலேயே மூன்று மார்ட்டின் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்கள் வைக்கிற பெயர், சொந்தக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். உள்ளுக்குள் எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யாருக்கும் அவசரமில்லை. மருத்துவமனையில் நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்து குழந்தையின் பெயரைக் கேட்டபோது, பிறகு சொல்கிறோம் என்று அனுப்பியவளே நான்தான். காலில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் மகளின் பெயரை எழுதினார்கள். இந்தியாவில் எங்கே போனாலும் பத்துப் பெண்களுக்கு இருக்கிற பெயர் அது.

ஏழாம் நாள் காலை போன் வந்தது. வீட்டுக்கு வருவதற்கு முன்பு குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் வந்திருக்கிறது, உடனே வாருங்கள், அதுவரை தாய்ப்பால் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள் என்றார்கள். அப்போது குழந்தை என் மகளின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான். நான்தான் போனை எடுத்தவள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கிட்டே போய் அவனை அவள் மார்பிலிருந்து பிரித்து எடுத்தேன். அவன் வீறிட்டான். என் மகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் யாருக்கும் சொல்லிக் காட்ட முடியவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பாலில் இருக்கிற ஒருவகைச் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்காதாம். அவர்களுக்குத் தாய்ப்பாலே விஷமாம். ஈரலைக் கெடுக்கும், கண்ணைக் கெடுக்கும், மூளையையும் தொடும். குழந்தை வாந்தி எடுக்கிறதா, உடம்பு மஞ்சளாக இருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை, இல்லை என்றோம். அப்படியானால் நல்ல வேளை, முற்றுவதற்குள் பிடித்துவிட்டோம் என்றார். உறுதி செய்ய மறுபடி ரத்தம் எடுத்து, குழந்தையை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை கொட்டும் மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு சோயா பால் பவுடர் தேடிப் போனார். பக்கத்துக் கடைகளில் இல்லை. புனே நகரத்துக்கு நடுவில் இருக்கிற கேம்ப் பகுதி வரைக்கும் போய், ஒரு பழைய மருந்துக் கடையில் இருந்த நாலு டின்னையும் வாங்கிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்தார். என் மகளுக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரமே வந்துவிட்டது. பாத்ரூமில் வாஷ்பேசின் முன் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினாள். பக்கத்தில் நான் துண்டோடு நின்றேன். குழாயைத் திறந்து அதைக் கழுவிவிடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை, நான்தான் திறந்தேன். பெயரைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை, மறுபடி எடுத்த ரத்தத்தின் முடிவுக்காக ரத்தப் பரிசோதனை ஜன்னலுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் என் வயதில் ஒரு மராத்திக்கார அம்மா. கையில் துணிப்பை, அதற்குள் ஃபைல். உள்ளேயிருந்து நர்ஸ் என் மகளின் பெயரைச் சொல்லி, அந்தக் குழந்தையோடு வந்தவர்கள் யார் என்று கூப்பிட்டாள்.

நானும் எழுந்தேன். அந்த அம்மாவும் எழுந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்தார். உங்கள் மகளுக்கும் இந்தப் பெயர்தானா என்று கேட்டார். அவருடைய மகளுக்கும் பையன்தான். எங்கள் குழந்தை பிறந்த அதே நாள். அவர்கள் வழக்கத்தில் பன்னிரண்டாம் நாள்தான் பெயர் சூட்டுவார்கள், அதனால் அந்தக் குழந்தையும் வெறும் 'பேபி ஆஃப்'தான். மூன்று நாளாக ஐ.சி.யூ.வில் இருக்கிறது என்றார். மஞ்சள் காமாலை, லைட்டுக்கு அடியில் வைத்தும் இறங்கவில்லை. கொடுக்கிற பாலையெல்லாம் கக்கிவிடுகிறது, கண்ணைத் திறப்பதே இல்லை.

நேற்று டாக்டர் எங்களிடம் துருவித் துருவிக் கேட்ட அத்தனையும் இந்த அம்மா வாயிலிருந்து ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தது.

தொழிற்சாலையில் என் வேலையே பெட்டியில் இருக்கிற எண்ணும் பாட்டிலில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது. பெயரைப் பார்த்து எதையும் வெளியே விட்டதில்லை, எண்ணைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவள், முந்தைய நாள் கையில் வாங்கிய அந்த ரிப்போர்ட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு அழ உட்கார்ந்துவிட்டேன். கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தேன். பேரனின் டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மருத்துவமனை கொடுத்த பதிவு எண் இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. அந்த அம்மாவிடம் உங்கள் ஃபைலைக் காட்டுங்கள் என்றேன். ரிப்போர்ட்டில் இருந்த எண் அதில் இருந்தது.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பேரனுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று உள்ளே ஏதோ துள்ளியது. தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, "காய் ஜாலம், தாயி?" என்றார். என்ன ஆச்சு அக்கா என்று கேட்கிறார். எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பத்து நொடியோ இருபது நொடியோ. அந்தக் கை என் கையில் சூடாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. உள்ளே அந்தக் குழந்தைக்கு இந்த நிமிஷமும் பால் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஐ.சி.யூ. கதவைத் தட்டினால் செருப்பைக் கழற்று, வெளியே நில் என்கிறார்கள். எனக்கு மராத்தி அவ்வளவாக வராது. தெரிந்த இந்தியில், "அந்தக் குழந்தைக்குப் பாலை நிறுத்துங்க, ரிப்போர்ட் அவனோடது" என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், தாய்ப்பால் நிரப்பிய சிரிஞ்சைக் குழந்தையின் மூக்கிலிருந்து வந்த டியூபில் பொருத்திக்கொண்டிருந்தாள். என் கூச்சலில் திரும்பிப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

டாக்டர் வந்தார். மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன். உடனே உள்ளே ஓடினார். சோயா பவுடர் வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது, மாப்பிள்ளை எங்கள் அறையிலிருந்து டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிரித்திருந்த டின்னை வைத்துவிட்டு, பிரிக்காத மூன்றையும் கொடுத்தார்.

இரண்டு குழந்தைகளுக்கும் புதிதாக ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்பினார்கள். அன்று மாலையே எங்கள் குழந்தையின் ரிப்போர்ட் வந்துவிட்டது, ஒரு குறையும் இல்லை. என் மகள் அவனை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தபடி ஓவென்று அழுதாள். தலைமை டாக்டர் வந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் சண்டைக்குப் போகிற ஆள், அன்றைக்கு ஏனோ தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னைக்கே இவனுக்குப் பேர் எழுதணும், இந்தக் கட்டிலை விட்டு எறங்குறதுக்குள்ள எழுதணும்," என்றாள் மகள். நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபெலிக்ஸ் என்றார். இனி வேறு என்ன பெயர் பொருந்தும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

என் மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் பெயரையே வைத்திருக்கிற ஒருத்தி படுத்திருக்கிறாள், அவளுடைய பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, என் பிள்ளையை அதிர்ஷ்டசாலி என்று எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மார்ட்டின்னே வச்சிருவோம் மாப்ள, நல்ல பேருதான்," என்று மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார். தமிழ் புரியாவிட்டாலும் மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் புரிந்தது. அவர் கையாலேயே படிவத்தில் எழுதினார்.

பாலை நிறுத்திய நாலாம் நாள் அந்தக் குழந்தை கண்ணைத் திறந்தான். காமாலை மெல்ல இறங்கியது. நோய் அவனுக்குத்தான் என்று உறுதியானது, வாழ்நாள் முழுக்கப் பால், தயிர் கிடையாது. ஆனால் பிழைத்துக்கொண்டான், கண்ணும் நன்றாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் தாண்டி அவர்கள் வைத்த பெயர் சூட்டு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பாலில்லாமல் செய்த இனிப்பை அந்த அம்மா முதலில் என் கையில்தான் வைத்தார். தன் பேரனைக் காப்பாற்றியவள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்ட அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை இதுவரை அவரிடம் நான் சொன்னதில்லை. வாய் திறக்க எனக்கு எத்தனை நொடி ஆனது என்று இன்றும் சில நாள் எண்ணிப் பார்க்கிறேன், நம் பிள்ளை தப்பித்தது என்று மனம் குளிரும்போதெல்லாம் பக்கத்தில் யார் கை இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.