சீரம் விடாத வரிசை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஃப்ளூ வைரஸ் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அந்த வைரஸின் மேற்பரப்பில் இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. ஒன்று ரத்த அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். மற்றது அந்தப் பிடியை அறுக்கும். குழிகள் உள்ள தட்டில், மனித ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தையும் வைரஸையும் கோழி ரத்த அணுக்களையும் கலந்து வைப்போம். சீரத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் வைரஸால் பிடிக்க முடியாது. அணுக்கள் அடியில் சிவப்புப் பொட்டாக விழும். இல்லாவிட்டால் வைரஸ் அணுக்களை வலைபோல் பிடித்து நிறுத்தும், பொட்டு விழாது; இதைச் சரிபார்க்கவே சீரம் விடாத ஒரு வரிசையும் வைப்போம். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் தாமதித்தால் இரண்டாவது புரதம் பிடியை அறுத்து, எல்லாக் குழியிலும் பொட்டு விழுந்துவிடும்.

சீரம் வாடிப்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரர்களுடையது. எங்கள் தற்காலிக உதவியாளர் அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். அவர் சொல்லுக்காகத்தான் கை நீட்டினார்கள். "எங்க ரத்தத்த எடுத்துக் கோழிக்கா வைத்தியம் பாக்குறீக?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு அம்மாள் நீட்டினாள்.

அன்று தட்டை வைத்தது நான். "நான் வராம யாரும் தொடக் கூடாது" என்று அவரிடம் சொல்லிவிட்டுத் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தலையைக் காட்டிவிட்டுத் திரும்ப எண்ணம். பெண்ணின் தாய்மாமன் விடவில்லை. "கை நனைக்காமப் போனா எப்படி மாப்ள?" என்று பந்தியில் உட்காரவைத்தார். திரும்பும்போது மூன்று மணி நேரம் கடந்திருந்தது.

எல்லாக் குழியிலும் பொட்டு.

"சார், சீரமே விடாத வரிசையிலயும் விழுந்திருக்கு பாருங்க. இது செல்லாது. மறுபடி போடுவோம்" என்றார் உதவியாளர்.

முடிவுகளை மாலை ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோக என் வழிகாட்டிப் பேராசிரியர் காத்திருந்தார். அந்த வரிசை சரியாக இருந்ததாக நோட்டில் எழுதினேன்.

மீதிச் சீரத்தை வேறொரு ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது முடிவு பொருந்தவில்லை. "தட்டை யார் போட்டது?" என்றார் பேராசிரியர். உதவியாளரைக் காட்டினேன். மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தூக்குவாளியை எடுக்க வந்தவர் என்னிடம் சண்டை போடவில்லை. "ஊருல கேட்டா என்ன சார் சொல்ல? அம்புட்டுப் பேரையும் கை நீட்டச் சொன்னவன் நான்" என்றார். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் பட்டம் போகும் என்று முதலில் பயந்தேன். பட்டம் வந்தது, பிறகு வேலை போகும் என்று பயந்தேன். ஓய்வு பெற்றபின் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். விளாங்குடியில் என் வீட்டு வாசலைக் கடந்துதான் வாடிப்பட்டிப் பேருந்து போகிறது. ஒருமுறையும் நான் அதில் ஏறியதில்லை.