லூர்தம்மாள் பெயருக்கு ஓடிய ஓட்டம்

செபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லும்படி இரண்டு வருடமாகக் கேட்கிறீர்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். இருந்தாலும் எழுதித் தருகிறேன். மனதில் கசப்பு இன்னும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

என் அம்மா அடையாறில், போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் ஆயாவாக இருந்தார். பிள்ளைகளைத் தூக்கிக் கக்கூசுக்குக் கொண்டுபோய்க் கழுவிவிடுவார். இடுப்பு வலி அங்கே வந்ததுதான்.

1996 தை மாதம் அம்மாவுக்கு ஓய்வு. அதே மாதம் தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்கும் ஓய்வு. பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி வாங்க, நன்கொடைக்காக ஒரு மாரத்தான் வைத்தார்கள். யாரைக் கௌரவித்து ஓடுகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஓடி முடித்தால் அந்தப் பெயரை மைக்கில் சொல்வார்கள். எல்லோரும் பெரிய டீச்சர் பெயரைக் கொடுத்தார்கள். விழா நோட்டீசில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பவன். கால் மட்டும்தான் என் சொத்து. ஆபீசுக்குப் போய், "ஆயாவுக்காக ஓடுறேன் சார்" என்றேன்.

"எந்த ஆயா?"

"எங்கம்மா சார்."

"அது பேரு இன்னா?" என்றார் கிளார்க். தினமும் அம்மா கையால் டீ வாங்கிக் குடிப்பவர்.

பெயரைச் சொன்னேன். "ஆயாவுக்குப் பேரு வேற இருக்குதா?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேராகக் கோயிலுக்குப் போய் அழுதேன். "ஆண்டவரே, அம்மா பேரை அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரு தடவை கேட்கணும். வேறெதுவும் வேண்டாம்" என்று செபித்தேன். ஓட்டத்தன்று ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதாக நேர்ந்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஓடி முடிக்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யார் பெயருக்கு ஓடுகிறேன் என்று அம்மாவுக்கே தெரியாது.

காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கினோம். அடையாறிலிருந்து கடற்கரைச் சாலைக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. பட்டினப்பாக்கத்தில் மீன்காரம்மா ஒருவர், "இன்னா அண்ணாத்த, போலீசு தொரத்துதா?" என்றார். சிரித்துக்கொண்டே ஓடினேன்.

மந்தைவெளியில் தண்ணீர்ப் பந்தல். தம்ளர் கழுவ அம்மாவைத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள். மூன்று முறை தாண்டிப் போனேன். மூன்று முறையும் அம்மா தண்ணீர் நீட்டினார். நான் வாங்கவில்லை. நான்காவது முறை வரும்போது வெயில் ஏறிவிட்டது. கண் இருட்டி, பந்தலுக்கு எதிரிலேயே விழுந்தேன். முடிக்காவிட்டால் அம்மா பெயர் இல்லை. ஆண்டவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மா ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தார். "குடிடா."

"ஒருசந்திம்மா. நேர்ந்துகினு கீறேன்."

"பெரிய டீச்சருக்காவ நீ ஏண்டா சாவுற? குடி. சாமி கேட்டா நான் பேசிக்கிறேன்."

குடித்தேன். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். எழுந்து நடந்தேன், பிறகு ஓடினேன்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அம்மாவைத் தம்ளர்களோடு வேனில் முன்பே கொண்டுவந்திருந்தார்கள். குழாயடியில் இருந்தார். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் கழுத்து மாலையோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"சார், பேரு..." என்றேன் கிளார்க்கிடம்.

"முடிஞ்சி போச்சுப்பா. போய் சாப்புடு."

ரேஷன் கடையில் வரிசையை விட்டுத் தள்ளினால்கூட வாய் திறக்காதவன் நான். அன்றைக்குப் பந்திக்கு நடுவில் நின்று கத்தினேன். "லூர்தம்மாள்! இருபத்தெட்டு வருசமா இந்தப் புள்ளைங்கள தூக்குன ஆயா பேரு லூர்தம்மாள்! நான் அதுக்குத்தான் ஓடுனேன்!"

அந்தக் குரல் என்னுடையது இல்லை. ஆண்டவர் கொடுத்தது.

எல்லோருக்கும் இலையில் வைத்த கை அப்படியே நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. பெரிய டீச்சர் குனிந்துகொண்டார். இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அம்மா ஈரக்கையோடு வந்து என்னை வெளியே இழுத்துப்போனார். "இன்னாத்துக்குடா இப்படிக் கத்துற, மானம் போவுது" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "உங்கப்பா போனப்புறம் எம்பேர யாருமே கூப்டலடா. இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

அன்றிலிருந்து சரக்கு இறக்குகிற வீடுகளில் வேலை செய்கிறவர்களின் பெயரைக் கேட்டுத்தான் திரும்புகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது, கேட்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்களை மன்னிக்க மட்டும் இன்னும் முடியவில்லை. அதற்காகவும் செபிக்கிறேன். நீங்களும் எனக்காகச் செபியுங்கள். உங்கள் மனதில் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு வேண்டுதல் இருந்தால், ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கொடுப்பார். வாங்கியவன் சொல்கிறேன்.