ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு

போன வருடம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர் போகும் கடலோரச் சாலையில் நடந்தது இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நான் இருப்பது வடசென்னை வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறேன். ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான், ஓர் இத்தாலி பைக். அந்தக் கம்பெனி போடுவதிலேயே சின்ன மாடல், அதுவும் செகண்ட் ஹேண்ட். முன்னால் கண்ணாடி, பக்கத்தில் மூடி என்று எதுவும் கிடையாது. இன்ஜினும் சிவப்புக் கம்பிக் கூடும் அப்படியே வெளியே தெரியும். ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் ஒரு உறுமல் வரும் பாருங்கள், அடடா! எங்கள் பிளாக்கில் வண்டி நிறுத்த இடம் ஏது? மாடிப்படிக் கம்பியில் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பேன். “நம்ப பிளாக்கு வண்டிடா, எவனாவது கீறல் போட்டீங்க, கொன்னேபுடுவேன்” என்று கீழ்வீட்டுக்காரர் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டே இருப்பார்.

இந்த வண்டிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டில் அதே வண்டி எதிரே வந்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவோம். நீ யார், எந்த ஏரியா என்ற கேள்வியே கிடையாது. உண்மையைச் சொன்னால், வண்டியை விட எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

அப்படி விரல் காட்டிப் பழக்கமானவர்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, வேளச்சேரி பக்கம் வீடு. ஒருமுறை மணலி ரோட்டில் அவர் வண்டி செயின் அறுந்து நின்றபோது, நான் போய் அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மெக்கானிக் வரும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மா வறுத்துப் போட்ட வவ்வால் மீனைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். “ஆன்ட்டி, இந்த டேஸ்ட் எங்க ஏரியால கிடைக்காது” என்றார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்த ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் பழவேற்காட்டுக்குக் கிளம்பினோம். ஐந்தும் அதே வண்டி. எண்ணூருக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம். எஸ்.ஐ. மற்ற நான்கு பேர் லைசென்ஸையும் பெயருக்குப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என்னுடையது மட்டும் கையிலேயே இருந்தது.

“வியாசர்பாடியா? வண்டி யாருது?”

“என்னுதுதான் சார்.”

“உன்னுதா? எங்கேர்ந்து தூக்கினு வந்த?”

ஆர்.சி.யைக் காட்டினேன். துறைமுக பாஸைக் காட்டினேன். குனிந்து சேஸிஸ் நம்பர் வரைக்கும் ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “ஸ்டேஷனுக்கு வா, பேரை எழுதிக்கறோம்” என்றார்.

எனக்கு அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு. சந்தேகம் என்று ஒரு ஸ்டேஷனில் பெயர் ஏறிவிட்டால் பாஸ் கிடைக்காது. பாஸ் இல்லாதவன் துறைமுக கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்.

“சார், என்கூட வந்தவங்களக் கேளுங்க சார்” என்று கெஞ்சினேன். எஸ்.ஐ. அட்மினைக் கூப்பிட்டு, “இவன் உங்க ஆளா?” என்றார்.

“குரூப்ல இருக்காரு சார். பர்சனலா பழக்கம் இல்ல.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டு மீனைத் தின்ற வாயா அது? “ப்ரோ, நீங்க பேசி முடிச்சுட்டு வாங்க, முன்னாடி டீக்கடைல வெயிட் பண்றோம்” என்றார். நான்கு வண்டியும் கிளம்பிப் போயின. எனக்குப் பிடித்த அதே உறுமல்தான், அன்றைக்குக் காதில் நாராசமாக விழுந்தது.

அப்போதுதான், இவ்வளவையும் கேட்டுக்கொண்டே ரோட்டோரம் அலுமினிய அன்னக்கூடையில் நண்டு விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார்.

“இன்னா சார், காலங்காத்தால புள்ளைய நிக்க வெச்சுகினு? அது எங்க அக்கா மவன்.”

“இவனை உனக்குத் தெரியுமா?”

“தெரியாம இன்னா? நான் தூக்கி வளத்த புள்ள சார். ஹார்பர்ல வேலை செய்து. மூஞ்சியப் பாரு, ஒரு டீ கூட குடிக்காம வந்துகீது. சாவியக் குடு சார்.”

நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை. பின்னால் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. எஸ்.ஐ. அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, சாவியையும் லைசென்ஸையும் அவர் கையில் வைத்தார். “போ போ. இந்த மாதிரி வண்டில எல்லாம் சுத்தாம பொழப்பப் பாரு” என்று எனக்கு அறிவுரை வேறு.

அக்கா சாவியையும் லைசென்ஸையும் என்னிடம் நீட்டினார். அந்த அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

“அக்கா, என்னை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன்ன எனக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? அத்தினி பேர வுட்டுட்டு ஒருத்தன மட்டும் நிக்க வெச்சான்னா, அது நம்ப புள்ளதான்” என்று சொல்லிவிட்டு, நண்டுக்கு ஈ ஓட்டப் போய்விட்டார்.

நான் டீக்கடைக்குப் போகவில்லை. வந்த வழியே வண்டியைத் திருப்பினேன். சாயங்காலம் குழுவில் ஒரு படம் வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் நான்கு சிவப்பு வண்டிகள், கீழே ‘நாம எல்லாரும் ஒரே ஃபேமிலி’ என்று எழுதியிருந்தார் அட்மின். குழுவை விட்டு வெளியேறினேன். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பாஸ் புதுப்பித்தாயிற்று. வண்டியை நான் விற்கவில்லை. ஏன் விற்க வேண்டும்? என் உடம்பு நோக உழைத்து வாங்கியது. இப்போதும் சிக்னலில் அதே வண்டிக்காரர் யாராவது கட்டை விரலைத் தூக்கினால், நானும் தூக்குகிறேன். ஆனால் ஹெல்மெட்டை மட்டும் கழற்றுவதில்லை.