ஒரு கையால் திறக்கும் கத்தி

முன்பல்லின் ஓரம் உடைந்த பிறகுதான் அவர் கத்தி வாங்கினார்.

அதுவரை எல்லாவற்றையும் பல்லால்தான் கிழித்துக்கொண்டிருந்தார். பால் பாக்கெட், டயப்பர் கட்டு, பஞ்சு உறை, எதுவானாலும். வேறு வழியில்லை. இடது கை எப்போதும் மனைவியின் முதுகைத் தாங்கிக்கொண்டிருக்கும். எடுத்தால் அவள் வலப்பக்கமாகச் சரிந்துவிடுவாள். பக்கவாதம் அந்தப் பக்கத்தைத்தான் வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஒரு கையும் பல்லும். அன்று காலை தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கடித்து இழுத்தபோது ஏதோ சத்தம் கேட்டது. உறை கிழிந்துவிட்டது என்று நினைத்தார். நாக்கால் தடவிப் பார்த்தபோதுதான் பல் குறைந்திருப்பது தெரிந்தது.

"மாமா, நீங்க என்ன எலியா?" என்றாள் மனைவியின் தங்கை. அவர் இரவு வேலைக்குப் போகும் நேரங்களில் அக்காவோடு இருப்பவள் அவள்தான். காலையில் அவர் வந்ததும் தன் வேலைக்கு ஓடுவாள். "கத்தின்னு ஒண்ணு உலகத்துல இருக்கு, தெரியுமில்ல?"

"வீட்டுல கத்தி வேணாம்னுதானே எல்லாத்தையும் உன்கிட்ட குடுத்தேன்."

அவள் காலணி வாரை மாட்டியபடியே, "அப்ப உங்க பையிலயே வச்சுக்குங்க. தூங்கும்போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில் ஒரு சாயங்காலம், தலை வாரிவிடும்போது, அவர் மனைவி சுவரைப் பார்த்தபடி, "எனக்குப்... போதும்" என்றாள். சீப்பு வாரியதைச் சொல்கிறாளோ என்று அவர் கையை எடுத்தார். அவள் சொன்னது அதை இல்லை என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அன்றே சமையலறைக் கத்திகளையும், அவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டிய பெரிய கத்தரிக்கோலையும் ஒரு பையில் போட்டு மைத்துனியிடம் கொடுத்தனுப்பினார். அதன்பின் காய்கறியை மைத்துனிதான் வெட்டிக்கொண்டு வருவாள்.

இரும்புச் சாமான் கடைக்காரரிடம் போய், "ஒரு கையால திறக்கிற மாதிரி ஒரு மடக்குக்கத்தி வேணும்" என்றார்.

"எப்பவும் பையில வச்சுக்கவாண்ணே?"

"ஆமா."

"இன்னொரு கை என்ன பண்ணும்?"

"அதுக்கு வேற வேலை இருக்கு."

கடைக்காரர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் தானும் நிறுத்திக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கறுப்புப் பிடி, சொரசொரப்பாக. விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற அலகு. அலகின் அடியில், இரண்டு பக்கமும், கட்டைவிரலால் தள்ளித் திறக்க மிளகளவு ஒரு குமிழ். பிடியின் முதுகில் ஒரு கிளிப். பேனாவைப் போலக் கால்சட்டைப் பை விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் வரும்போது பைக்குள் கையை விட்டு அதைத் தடவிக்கொண்டே வந்தார். கைக்கு அடக்கமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தனக்கென்று அவர் ஒரு பொருள் வாங்கி வெகுகாலமாகிவிட்டது. மடிந்திருக்கும்போது பார்த்தால் கத்தி என்றே தோன்றவில்லை. அதுவும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிடித்தமெல்லாம் போய்விட்டது. கத்தி திறக்கவே மாட்டேன் என்றது. குமிழைத் தள்ளினால் கட்டைவிரல் வழுக்கியது. இன்னும் அழுத்தினால் நகக்கண் வலித்தது. சமையலறையில் நின்று, கண்ணில் தூக்கம் சொக்க, மாறி மாறி முயன்றுகொண்டிருந்தார். கடைசியில் பூட்டு விழும் சத்தத்தோடு அது பாய்ந்து திறந்துகொண்டது. உள்ளேயிருந்து மனைவி, "என்...ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

மடக்குவது அதைவிடப் பாடாக இருந்தது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அலகை மடக்க வேண்டும். விரல் இருக்கும் வழியாகத்தான் அலகு வரும். அவருக்குப் பயமாக இருந்தது. பாதி மடக்கிய நிலையில் மேசைமேல் வைத்துவிட்டு, காசைக் கொடுத்துக் கஷ்டத்தை வாங்கியிருக்கிறேனே என்று சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கந்தைத்துணியைச் சுற்றிக்கொண்டு மடக்கினார்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். நின்றபடியே கண்ணயர்வார், துணியை மடித்தபடியே கண்ணயர்வார். அன்று சாயங்காலம் வேலை தொடங்குமுன் கத்தியை வெளியே எடுத்ததும் இஸ்திரி இயந்திரம் ஓட்டுபவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தூங்குமூஞ்சி, யார் கணக்கைத் தீர்க்கப் போறே?"

"முதல்ல இது என் விரல் கணக்கைத் தீர்க்காம இருக்கட்டும். திறக்கவே மாட்டேங்குது."

"குடு இப்படி."

இயந்திரக்காரர் அச்சாணித் திருகைக் கடுகளவு தளர்த்தினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நாலைந்து தடவை திறந்து மூடி, கையில் திருப்பிக் கொடுத்தார். இப்போது குமிழைத் தொட்டாலே அலகு வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. துணிமூட்டையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையில் வைத்து இழுத்தார். இழுத்த மாதிரியே தெரியவில்லை, பட்டை இரண்டாகிக் கீழே விழுந்தது. வழக்கமாக எல்லோரும் மாற்றி மாற்றி மல்லுக்கட்டும் வேலை அது. அவர் இன்னொரு மூட்டையை வெட்டினார். அடுத்தவர் மூட்டையையும் கேட்டு வாங்கி வெட்டினார்.

"போதும்யா, சட்டையையும் சேத்து வெட்டிடாதே" என்றார் இயந்திரக்காரர்.

அதன்பின் வீட்டிலும் காரியங்கள் கொஞ்சம் இலேசாயின. இடது கையால் மனைவியைத் தாங்கிக்கொண்டே வலது கையால் கத்தியைத் திறந்து, பாக்கெட்டின் மூலையைச் சீவி, தொடையில் அழுத்தி மடக்கி, மறுபடி பையில் மாட்டிக்கொள்வார். அவள் கண் அந்தக் கையின் பின்னாலேயே போகும். என்ன பார்க்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வரக் காத்திருக்கும் தெம்பு அவரிடம் இல்லை.

எதற்கும் தெம்பில்லை. இரவு முழுக்க நிற்பார். காலையில் வந்து அவளைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, மருந்து கொடுப்பார். அதில் உடை மாற்றுவதுதான் பெரும்பாடு. அவளுடைய நைட்டியின் கை குறுகல். மடங்கி விறைத்த வலது கையை அதற்குள் நுழைப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவர், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று ஆகாததைச் சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாம் முடிந்து வெயில் ஏறிய பிறகு அவள் கட்டிலுக்குக் கீழே பாயில் படுப்பார். தூங்கிவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் சலவைக்கூடத்து நாடா ஒன்றை எடுத்து ஒரு முனையை அவள் இடது மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வார். வேண்டும்போது அவள் இழுப்பாள். பெரும்பாலும் கண் மூடிய கொஞ்ச நேரத்திலேயே இழுப்பாள்.

அன்று அவள் இழுக்கவில்லை.

விழித்தபோது வெயில் சுவரில் வேறு இடத்துக்குப் போயிருந்தது. இவ்வளவு நேரமா தூங்கினேன் என்று முதலில் ஒரு சுகம்தான் தோன்றியது. கையைத் தூக்கினார். நாடா கூடவே வந்தது, இழுவை இல்லாமல். அதன் நுனி சீராக அறுபட்டிருந்தது. இடுப்பைத் தடவினார். பையில் கத்தி இல்லை. கட்டிலில் அவள் இல்லை. கட்டிலை ஒட்டி நிற்கும் சக்கர நாற்காலியும் இல்லை.

எழுந்த வேகத்தில் கட்டில் கால் முழங்காலில் இடித்தது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரா, வெறும் சத்தம் போட்டாரா என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

அவள் சமையலறையில் மேசைக்கு முன்னால் இருந்தாள். நாற்காலியோடு சேர்த்துத் தன் இடுப்பை ஒரு துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் போட்ட கோணல் முடிச்சு. மேசைமேல் அவளுடைய நைட்டி ஒன்று விரித்திருந்தது. அதன் ஒரு பக்கத்தை உப்பு ஜாடி அழுத்திப் பிடித்திருந்தது. இடது கையில் கத்தி. நைட்டிக் கையின் அடித்தையலில் கத்தி நுனியை நுழைத்து, நூலை மட்டும் ஒவ்வொன்றாக நிமிண்டி அறுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை தையல் விட்டிருந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை. பிரித்து முடித்த இன்னொரு நைட்டி அவள் மடியில் கிடந்தது.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கு... போகல" என்றாள் அவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். அழுவதற்கும் அலுப்பாக இருந்ததால் சீக்கிரமே நின்றுவிட்டது.

"நாடாவை ஏன் அறுத்தே?"

"நீங்க புரண்டா... என் கை... இழுக்குது. தூக்கமே இல்ல எனக்கு." சற்று மூச்சு வாங்கினாள். "நீங்களும்... தூங்கட்டும்னு."

"கத்தியை எப்படி எடுத்தே?"

அவள் கையைக் கீழே தொங்கவிட்டுக் காட்டினாள். கட்டிலிலிருந்து தொங்கினால் அவர் பை விளிம்பில் மாட்டிய கிளிப் கைக்கு எட்டும் தூரம்தான். இடது காலை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, நாற்காலிக்குச் சறுக்கி வந்ததையும் சைகையால் சொன்னாள். பிறகு, கேளாமலே, கத்தியை மடக்கியும் காட்டினாள். வலது கைக்காரர்களுக்கென்று வைத்த பூட்டு அது. இடது கையில் கட்டைவிரலுக்கு வாகாக வராது. அவள் ஆள்காட்டி விரலால் தகட்டை ஒதுக்கி, மேசை விளிம்பில் அலகின் முதுகைச் சாய்த்து மடக்கினாள். இவ்வளவு நாளாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன். தெரியுமா?"

"தெரியும். என் கத்தரிக்கோல்... காணோமே."

"அப்படி நினைச்சியா?"

"நினைச்சேன். முன்னாடி." அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சொல் வரும்வரை காத்திருந்தாள். "இன்னிக்கி... இந்தக் கையைத்தான் நினைச்சேன். தைச்சவன்... கஞ்சப்பய. எவ்வளவு... குறுகலா வச்சிருக்கான்."

அவர் சிரித்துவிட்டார். உடைந்த பல் வழியாகக் காற்று போனது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் மைத்துனி வந்து விஷயத்தைக் கேட்டதும் குதித்தாள். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா மாமா? மறுபடி அவ கையிலயே குடுத்து வச்சிருக்கீங்க? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அவகிட்டயே கேளு. அவ உள்ளதான் இருக்கா."

"நான் உங்களைக் கேக்கறேன்."

"நான் தினமும் பயந்துக்கிட்டே அவளைப் பாத்துக்கிட்டிருந்தேன்மா. இனிமே முடியல. பயப்படறதையாவது நிறுத்திக்கிறேன்."

மைத்துனி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அக்காவும் தங்கையும் என்ன பேசினார்களோ, வெளியே வரும்போது அவள் கண் சிவந்திருந்தது. கையில் நைட்டி இருந்தது. "பிரிச்ச இடத்துல நாடா வச்சுத் தைக்கணுமாம். மூணு இடத்துல முடிச்சுப் போட்டா போதுமாம். என்னை ஊசி கோத்துக் குடுக்கச் சொல்றா, அவளே தைப்பாளாம். இந்தத் திமிர் மட்டும் அவளைவிட்டுப் போகல" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, கோபமாகவா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கையை நுழைக்க வேண்டியிருக்கவில்லை. துணியைக் கைமேல் போர்த்தி முடிச்சுப் போட்டதும் உடை மாற்றியாகிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அடுத்தது என்ன செய்வது என்பதுபோல.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. மாதங்கள் போயும் வலது கை விறைப்பு விடவில்லை. பேச்சு முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக வந்தது, அதனால் திட்டும் வேகமாக வந்தது. பாக்கெட்டுகளை அவளே வெட்டிக்கொண்டாள். பழத்தை உப்பு ஜாடிக்கும் சுவருக்கும் இடையில் நிறுத்தி நறுக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் விரலையும் கீறிக்கொண்டு, அவர் பதறி வந்தபோது, "போய்த் தூங்குங்க" என்றாள். கத்தி அவள் நாற்காலியின் பக்கப்பையில் தங்கிவிட்டது. பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி அவர் மேற்பார்வையாளரிடம் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் காலை வேலையிலிருந்து வந்தபோது மைத்துனி அவருக்காகக் காத்திராமல் கிளம்பிப் போயிருந்தாள். மனைவி தானே உடை மாற்றி, சாப்பிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. சமையலறை நாற்காலியில், காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். கழற்றிவிட்டுப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.